தேவதாஸைக் கொடுத்து ஆன்ட்ரூவை வாங்கலாமா

புக்கிட் ரோத்தானில் தேவதாஸைத் தெரியாமல் இருப்பது கஷ்டம். ஆறடி நான்கு அங்குலம். சந்தையில் கூட்டம் எவ்வளவு நெரிந்தாலும் அவன் தலை மட்டும் மற்றவர்களுக்கு மேலே தனியாகப் போய்க்கொண்டிருக்கும். மீன்காரர் அங்கிருந்தே கை காட்டுவார். கடைகளின் பலகை, கல்யாண மண்டபத்துத் தோரணம், பஸ்ஸின் மேல்கம்பி என்று எதன் கீழே போனாலும் குனிந்து போவது அவனுக்குப் பிறவிப் பழக்கமாகிவிட்டது.

அவன் பிறந்தது சுங்கை தாலாம் தோட்டத்து லயத்தில். பதினான்கு வயதிலேயே வீட்டு நிலைப்படி நெற்றியில் இடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீளக் கழியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து வெட்டி வெட்டிக் கழுத்தே பின்னுக்குச் சாய்ந்துபோன மனிதர். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் தேவதாஸைப் பார்க்கும்போதெல்லாம், "இவன் வேலைக்கு வந்துட்டா நமக்குக் கழி மிச்சம்லா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு திட்டம் இருந்தது என்பது தேவதாஸுக்குத் தெரியும்.

அவனைக் காப்பாற்றியது இடைநிலைப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். முதல் நாளே வரிசையிலிருந்து இழுத்து, சிமெண்டுத் திடலுக்குக் கூட்டிப் போய், கையில் கூடைப்பந்தைக் கொடுத்தார். திடலில் இருந்த மற்ற எல்லாரும் சீனப் பையன்கள். தோட்டத்துப் பிள்ளைகள் யாருமே அந்தப் பக்கம் போனதில்லை. அவர்களுக்குப் பந்து என்றால் உதைப்பதற்கு. தனியாகப் போகக் கூச்சப்பட்ட தேவதாஸுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு சிவானந்தமும் போனான். சிவானந்தம் ஐந்தடி ஆறு அங்குலம்தான். ஆனால் கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. இவன் பந்தைக் கொண்டுவந்து கொடுப்பான், அவன் கூடையில் போடுவான். அன்றைக்கு ஆரம்பித்தது இருபத்து மூன்று வருஷம் ஓடியது.

தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, ஆளுக்கொரு திக்காகப் போனபோது இரண்டு குடும்பமும் புக்கிட் ரோத்தானுக்கே வந்தன. ஊரில் கையுறைத் தொழிற்சாலை நடத்தும் சீன முதலாளிக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் சொல்வார்கள். வடக்கு சிலாங்கூர் லீக்கில் அவர் பெயரில் ஒரு அணி இருந்தது. அணிக்கு ஒரு பெரிய ஆள் வேண்டும். கூடைக்குக் கீழே நின்று பந்தைப் பறிக்கிறவன், எதிரியை மறிக்கிறவன், சென்டர் என்பார்களே, அந்த ஆள். தேவதாஸை அழைத்து அணியில் இடம் கொடுத்தார், அவனுக்குப் பந்து கொடுக்க சிவானந்தத்துக்கும். கூடவே தேவதாஸுக்குத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலையும் கொடுத்தார். அவன் அளவுக்குச் சட்டை கிடைக்காததால் தையற்காரரிடம் தனியாகத் தைக்கச் சொன்னார். வேலை ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் புதுக் கையெழுத்து. பதினான்கு டிசம்பர்கள் தேவதாஸ் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். எதற்காகப் போடுகிறோம் என்று யோசித்ததில்லை.

முப்பத்தாறு வயதில் இடது முட்டி போனது. ஒரே நாளில் போகவில்லை. ஓர் ஆட்டத்தில் குதித்து இறங்கும்போது உள்ளே ஏதோ பிசகியது. மறுநாள் வீங்கியது. அப்புறம் வடிந்தது. அப்புறம் வடியவே இல்லை. ஸ்டோர் வேலை ஏணியில் ஏறி இறங்குகிற வேலை, பெட்டி தூக்குகிற வேலை. முட்டி போனவனுக்கு அங்கே இடமில்லை என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் தேவதாஸ் மறைத்தான். மனைவி திலகாவுக்குத் தெரியும். அவள் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவள். விடிவதற்குள் எழுந்து அவன் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுத்தான் அடுப்புக்குப் போவாள். அவளை விட்டால் சிவானந்தத்துக்கு மட்டும் தெரியும். ஊர்க் கிளினிக்குக்குப் போனால் பேச்சு பரவும் என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிள்ளானுக்குக் காரில் கூட்டிப் போய் ஊசி போட வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன்தான். போகும்போதும் வரும்போதும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவான், தேவதாஸ் வலியை நினைக்காமல் இருக்க வேண்டும் என்று.

அப்படி மூன்று வருஷம் ஓடியது.

சென்ற வருஷம் பவனேஷ் என்ற காப்புறுதி முகவர் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்தான். பெயர் 'வடக்குப் பந்து'. இருபத்தாறு வயது. அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்தே வளர்ந்தவன். அங்கே ஓர் அணி தன் பெரிய ஆட்டக்காரனைக் கொடுத்து இன்னோர் அணியின் பெரிய ஆட்டக்காரனை வாங்கிக்கொள்ளும். வாங்குவதற்கு முன்னால் நாடே ஒரு மாதம் உட்கார்ந்து வாய்ச்சண்டை போடும். நம் லீக்கில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. கிடையாது என்பதால்தான் அதைப் பற்றிப் பேசுவது அவ்வளவு சுகமாக இருந்தது. ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு நேரலை. இரண்டு பேரைச் சொல்வான். அவனைக் கொடுத்து இவனை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பான். மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து விவாதம். பார்க்கிறவர்கள் வாக்குப் போடுவார்கள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. சிவானந்தத்தின் டயர் கடையில் நாற்காலி போட்டார்கள். பவனேஷ், அணித் தலைவன் என்ற முறையில் சிவானந்தம், அப்புறம் செல்லன். செல்லன் பழைய தோட்டத்துக் கிராணி. தேவதாஸின் அப்பா வெட்டிய குலைகளைப் பேரேட்டில் எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு லீக்கின் ஆட்டக்குறிப்பை அதே முத்து முத்தான எழுத்தில் எழுதி வருகிறவர்.

தேவதாஸுக்கு அன்று ஸ்டோரில் ஓ.டி. வேலை குறைவு. ஒரு பெட்டியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து கைத்தொலைபேசியை இன்னொரு பெட்டியில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரஹ்மான், வங்காளதேசத்துக்காரர். திரையில் தேவதாஸின் படம் வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டு பேருமே சென்டர். ரெண்டு பேருமே நம்ம ஆளுங்க. வடக்குல இவுங்க ரெண்டு பேருக்கு மேல பெரிய ஆளு கிடையாது" என்று பவனேஷ் ஆரம்பித்தான். "கேள்வி சிம்பிள்லா. தேவா அண்ணனக் குடுத்து, புக்கிட் பெருந்துங் டீம் ஆன்ட்ரூவ வாங்கலாமா, வேணாமா?"

ஆன்ட்ரூவுக்கு இருபத்தேழு வயது. ஆறடி ஆறு. தேவதாஸ் அவனோடு ஏழெட்டு ஆட்டம் மோதியிருக்கிறான். நல்ல பையன். கீழே தள்ளிவிட்டால் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறவன்.

"வேணாம்" என்றார் செல்லன். நோட்டைத் திறந்தார். "ஆன்ட்ரூ ஒரு ஆட்டத்துக்கு இருவத்திரண்டு பாயிண்ட் போடறான். தேவா பதினொண்ணு. இத மட்டும் பாத்தா யாரும் மாத்தத்தான் சொல்லுவாங்க. ஆனா தேவா கூடைக்குக் கீழ நிக்கறான்னாலே எதிராளி உள்ள வர யோசிக்கிறான். வராதவன நான் எந்த நோட்டுல எழுதறது?"

தேவதாஸ் சிரித்துக்கொண்டான். வராதவனை எழுத முடியாதுதான். இத்தனை வருஷத்தில் அதை ஒருத்தராவது சொன்னார்களே என்று இருந்தது.

"ஆனா அண்ணே, ஆன்ட்ரூ தூரத்துல இருந்தும் போடறான்லா. இப்ப ஆட்டமே அப்படி மாறிப் போச்சு" என்றான் பவனேஷ். "சும்மா கீழயே நிக்கிற சென்டருக்கெல்லாம் காலம் முடிஞ்சிருச்சு."

"தூரத்துல இருந்து போடறவன் ஊருக்குப் பத்துப் பேரு இருக்கான். இடிக்கிறதுக்கும் இடி வாங்கறதுக்கும் எவன் இருக்கான்?"

கீழே கருத்துகள் ஓடின. தேவா அண்ணன் நம்ம ஊர்ச் சொத்து என்று ஒருத்தர். சொத்து சரி, பழைய சொத்து என்று இன்னொருத்தர். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள் என்று மூன்றாமவர், சிரிக்கிற முகங்களோடு. வாக்கு ஏறக்குறைய சமமாக நின்றது. அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பவனேஷ் சிவானந்தத்தின் பக்கம் திரும்பினான். "கேப்டன் என்ன சொல்றீங்க?"

"அவன் என் கூட்டாளி. என்னக் கேக்காத."

"கூட்டாளியா கேக்கல. கேப்டனா கேக்கறேன்."

"பாஸ் லா" என்று சிவானந்தம் கையை விரித்தான். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

செல்லன் விடவில்லை. அவருக்கு விவாதத்தில் கை ஓங்கியிருந்தது. நோட்டில் பழைய பக்கங்களைப் புரட்டினார். "தேவாவுக்கு வயசாகிப் போச்சுன்னு சொல்றாங்க. வயசு இல்ல. இத பாருங்க. அஞ்சு வருசம் முந்தி சிவானந்தம் ஒரு ஆட்டத்துக்கு பதினாலு தடவ அவனுக்குப் பந்து குடுத்திருக்கான். இப்ப அஞ்சு தடவ, ஆறு தடவ. பந்தே வரலேன்னா அவன் எப்படிப் போடுவான்? பெரிய ஆள மாத்தாதீங்க. பந்து குடுக்கறவன மாத்துங்க."

கடைக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கருத்துகளில் சிரிப்பு கொட்டியது. சிவானந்தத்தின் காது சிவப்பதைத் தேவதாஸ் திரையிலேயே பார்த்தான். லயத்துக் காலத்திலிருந்து அவனுக்குத் தெரியும். காது சிவந்தால் சிவானந்தத்தின் வாய் அவன் பேச்சைக் கேட்காது.

"நான் குடுக்காம இல்ல" என்றான் சிவானந்தம்.

"நோட்டு அப்படிச் சொல்லலையே."

"நோட்டுக்கு என்னா தெரியும்? குடுத்தா அவனால குதிக்க முடியல. எடது முட்டி போச்சு. மூணு வருசமா ஊசி போட்டுத்தான் ஆடறான். கிள்ளானுக்குக் கார் ஓட்டிக்கிட்டுப் போறது நானு. எனக்குத் தெரியாதா? வேல செய்யற எடத்துல ஏணி ஏறவே நாக்கு தள்ளுது அவனுக்கு. அதான் நான் வேற ஆளுக்குக் குடுக்கறேன். அவன் ஜனங்க முன்னால அசிங்கப்படக் கூடாதுன்னு குடுக்காம இருக்கேன்."

பவனேஷ் தன் கைத்தொலைபேசியைப் பார்த்தான்; பார்க்கிறவர்கள் எண்ணிக்கை எண்ணூறு தாண்டியிருந்தது.

செல்லன் நோட்டை மெதுவாக மூடினார். நேர்மையான மனிதர். தவறான குறிப்பை வைத்துக்கொண்டு வாதம் செய்ய அவருக்கு வராது.

"முட்டி போச்சுன்னா வேற பேச்சு" என்றார். "அப்ப குடுத்துடலாம்."

முன்பே போட்டவர்களும் மாற்றிப் போட்டார்கள். வாக்கு நூற்று எண்பத்தேழுக்கு இருபத்து நான்கு என்று முடிந்தது.

ரஹ்மானுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு கைக் கட்டைவிரலையும் உயர்த்தி, "பாகுஸ், அபாங்" என்று மலாயில் பாராட்டினார். தேவதாஸ் அவருக்கு நன்றி சொன்னான். பிறகு எழுந்து, ஏணியை நகர்த்தி வைத்து, மேல் தட்டிலிருந்த பெட்டி ஒன்றை அவசியமே இல்லாமல் இறக்கினான். இறக்கி வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

திலகா அழைத்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஆபீஸ் ஆளுங்க யாராச்சும் பாத்திருப்பாங்களா?"

அவள் முதலில் கேட்டது அதுதான். தேவதாஸ் நினைத்துக்கொண்டிருந்ததும் அதுதான். சிவானந்தம் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்க இரண்டு பேருக்குமே அன்றைக்கு மனதில் இடமில்லை.

சிவானந்தத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. சும்மா பேச்சுதான்லா மச்சான், ஷோவுக்காக.

திங்கள், செவ்வாய், புதன் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை ஆள்வளப் பிரிவு புஷ்பா ஸ்டோருக்கே வந்தாள். வழக்கமாக அவள் ஆளனுப்பிக் கூப்பிடுவாள். தேவதாஸோடு ஒரே வகுப்பில் படித்தவள். கையில் ஒரு தாள்.

"தேவா, ஒரு மெடிக்கல் பாத்துட்டு வரச் சொல்றாங்க."

"யாரு?"

"மேல."

"தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாதே."

புஷ்பா தாளை இரண்டாக மடித்தாள். மறுபடி விரித்தாள். "ஆபீஸ் குரூப்புல யாரோ போட்டுவிட்டாங்க. யாரோ அவருக்கு விளக்கமும் சொல்லியிருக்காங்க. நான் இல்ல தேவா. என் புள்ள மேல சத்தியமா நான் இல்ல."

தவுக்கே கோபப்படவில்லை என்பது பின்னால் தெரிந்தது. மறைத்தான் என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முட்டியைவிட அவர் மனதில் தங்கியது வாக்கெடுப்பு. நூற்று எண்பத்தேழு பேர் ஒரு பக்கம் கை தூக்கினால் அது வியாபாரம் தெரிந்தவனுக்குப் புரியும். அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

மருத்துவர் தாளில் பாரம் தூக்கத் தகுதியில்லை என்று எழுதினார். நவம்பரில் பருவம் முடிந்தது. தேவதாஸ் கடைசி நான்கு ஆட்டங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டிசம்பரில் தவுக்கே அவனை அறைக்கு அழைத்து, இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கி, கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு பழக்கூடையைக் கொடுத்தார். பேனாவைக் கொடுக்கவில்லை. பழக்கூடையை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு தேவதாஸ் வீட்டுக்கு வந்தான். திலகா அதைப் பிரிக்கவே இல்லை. ஆப்பிளும் ஆரஞ்சும் கண்ணாடித்தாளுக்குள்ளேயே கெட்டுப்போய், ஒருநாள் கூடையோடு குப்பைக்குப் போயின.

ஆனால் பழக்கூடைக்கு முன்னால், அந்த டிசம்பரின் கடைசி வாரத்தில், புதிய ஆளுக்கு வேலையைக் காட்டிக்கொடுக்கும்படி சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு ஸ்டோர் வாசலில் குனிந்து நுழைந்தவன் ஆன்ட்ரூ.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஸ்டோரில் நேராகக் கண்ணைப் பார்த்துப் பேச ஆள் கிடைத்தது தேவதாஸுக்கு அதுவே முதல் தடவை.

"அண்ணே" என்றான் ஆன்ட்ரூ. "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. வேல வேணுமான்னு கேட்டாங்க. அங்க நான் ஏஜெண்டு கீழ இருந்தேன். எப்ப வேணாலும் நிறுத்துவான். ஷெல்லிக்கு இது ஏழாவது மாசம்."

ஷெல்லி அவன் மனைவி. ஆட்டங்களுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஜெபம் செய்துகொண்டிருப்பாள்.

"நீ எதுக்கு எனக்குச் சொல்லிக்கிட்டு இருக்க?" என்றான் தேவதாஸ். "வா. மேல் தட்டுல இருந்து ஆரம்பிப்போம்."

ஆன்ட்ரூவின் அளவுக்குச் சட்டை தைத்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் தேவதாஸின் சட்டைகளில் ஒன்றைக் கொடுக்கும்படி சூப்பர்வைசர் சொன்னார். வேறு யாருடையதும் அவனுக்குப் பத்தாது. தேவதாஸ் லாக்கரிலிருந்து துவைத்து மடித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஆன்ட்ரூ போட்டுக்கொண்டான். தோளில் சரியாக இருந்தது. கை மட்டும் கொஞ்சம் குட்டை.

பெட்டிகளின் குறியீடுகளை விளக்கினான். எந்த ஏணி ஆடும், எந்தத் தட்டில் எடை ஏற்றக் கூடாது, லோரிக்காரர்களில் யார் எண்ணிக்கையில் ஏமாற்றுவார்கள், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். மத்தியானம் சாப்பிடும்போது நெடுநேரமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டான்.

"அங்க உங்க டீமுல இப்ப சென்டர் இல்லாமப் போச்சே. எனக்கு எதாச்சும் இடம் உண்டா? ஆடணும்னு இல்ல. பையன்களுக்குப் பழக்கிவிடலாம். வேலைன்னு எதாச்சும் குடுத்தா போதும்."

ஆன்ட்ரூ கரண்டியைக் கீழே வைத்தான். தன் காலணிகளைப் பார்த்தான்.

"அவுங்களும் அந்த லைவ் பாத்தாங்கண்ணே."

"ம்."

"எங்க குரூப்புலயும் பேசினாங்க. உங்கள எடுக்கலாமான்னு." அதற்கு மேல் சொல்லலாமா என்று யோசித்து, சொன்னான். "சும்மா குடுத்தாக்கூட வேணாம்னு சொல்லிட்டாங்கண்ணே."

தேவதாஸ் சாப்பாட்டை முடித்தான். பாத்திரத்தைக் கழுவினான். மிச்சமிருந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தான்.

கொடுத்து வாங்குவது என்று பேசினார்களே, உண்மையில் நடந்தது வாங்குவது மட்டும்தான். கொடுத்ததை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஜனவரி முதல் வாரம் ஒரு மாலை சிவானந்தம் வீட்டுக்கு வந்தான். ஐந்து மாதத்தில் அவனும் தேவதாஸும் ஆட்டத்துக்கு வெளியே பேசியதே இல்லை. கையில் முட்டிக்குப் போடுகிற உறை, உயர்ந்த ரகம், அட்டைப்பெட்டியோடு. மேசையில் வைத்தான். திலகா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மச்சான், நான் வேணும்னு சொல்லல. அந்தக் கிராணி என்னை ஏத்தி விட்டுட்டாரு. வாய்ல வந்துருச்சு."

"தெரியும்."

"என்னை மன்னிச்சிரு."

"நீ சொன்னது பொய்யா?" என்று தேவதாஸ் கேட்டான்.

சிவானந்தம் நிமிர்ந்தான். "இல்ல."

"முட்டி போச்சு. நெசம். ஊசி போட்டேன். நெசம். நீ பந்து குடுத்திருந்தா அசிங்கப்பட்டிருப்பேன். அதுவும் நெசம்தான். அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

"நீ கோவமா பேசறடா."

"கோவம் இல்ல. கேக்கறேன். மூணு வருசம் எனக்கு அசிங்கம் வரக் கூடாதுன்னு பந்த வேற ஆளுக்குக் குடுத்திருக்க. எனக்குச் சொல்லவே இல்ல. நான் பாட்டுக்கு இன்னும் ஆடறேன்னு நெனைச்சுக்கிட்டு கூடைக்குக் கீழ கைய தூக்கிக்கிட்டு நின்னுருக்கேன். அத எண்ணூறு பேரோட சேந்து நானும் போன்ல பாத்துத் தெரிஞ்சுக்கறேன்."

சிவானந்தத்தின் காது அப்போது சிவக்கவில்லை, வெளுத்திருந்தது.

திலகாதான் பேசினாள். குரல் உயரவே இல்லை. "அண்ணே, நீங்க அன்னிக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பாஸ் போடத் தெரியலன்னு ஒத்துக்கிட்டிருக்கலாம். சிரிச்சிருப்பாங்க. அவ்வளவுதானே. அந்தச் சிரிப்ப உங்களால தாங்க முடியல."

சிவானந்தம் தேநீரைக் குடிக்காமல் எழுந்தான். வாசலில் நின்று, "எதாச்சும் வேல இருந்தா சொல்றேன் மச்சான்" என்றான்.

"சொல்லு" என்றான் தேவதாஸ்.

அடுத்த பருவத்தில் ஆன்ட்ரூ சராசரியாக இருபத்தைந்து புள்ளி எடுத்தான். சிவானந்தம் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவனுக்குப் பதினைந்து, பதினாறு தடவை பந்து கொடுத்தான். புக்கிட் ரோத்தான் ஆறு வருஷம் கழித்துக் கோப்பையை எடுத்தது. ஊரில் வெடி போட்டார்கள். லோரியில் கோப்பையை வைத்து ஊர்வலம் வந்தார்கள். தேவதாஸின் வீட்டுத் தெரு வழியாகவும் வந்தது. திலகா கதவைச் சாத்தப் போனாள். வேண்டாம் என்று அவன் வெளியே வந்து நின்றான். லோரியின் மேலிருந்து ஆன்ட்ரூ அவனைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டான். பக்கத்தில் நின்ற சிவானந்தம் வேறு பக்கம் பார்த்தான். நூற்று எண்பத்தேழு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று தேவதாஸுக்குத் தோன்றியது. அதில் ஒருவர் சொன்னதுகூடத் தப்பில்லை. தப்பாக இருந்திருந்தால் ஒருவேளை அவனுக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

இப்போது சிவானந்தம் மாதம் ஒருமுறையாவது அழைக்கிறான். தேவதாஸ் எடுக்காமல் விடுவதில்லை. மழை, வெயில், டயர் வியாபாரம், யார் வீட்டில் கல்யாணம் என்று பேசுவார்கள். பேச்சு தீர்ந்ததும் சரி மச்சான் என்பான் ஒருத்தன். சரி என்பான் மற்றவன்.

தேவதாஸ் இப்போது புஞ்சாக் ஆலாமில் ஒரு வீடமைப்புப் பகுதியின் வாசலில் காவலாளி. தடுப்புக் கட்டையை ஏற்றி இறக்குகிற வேலை. வேலைக்கு எடுக்கும்போது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, உடலில் ஏதாவது குறை உண்டா என்று. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். காவல் அறை சராசரி மனிதனுக்காகக் கட்டியது. உள்ளே உட்கார்ந்தால் இடது கால் மடங்காது. கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்காருவான்.

மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் லோகேஸ்வரன் வந்தார். அவனைவிடப் பத்து வயது இளையவர்.

"தேவா அண்ணே, குடியிருப்புக்காரங்க குரூப்புல கம்ப்ளெய்ன் வந்திருக்கு. கார் வர்றப்ப கால நீட்டிக்கிட்டு மரியாத இல்லாம உக்காந்திருக்கீங்கன்னு. கால்ல எதாச்சும் பிரச்சனையா?"

தேவதாஸ் காலைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல" என்றான். "பழக்கம்."

"பழக்கம்னா மாத்திக்குங்க."

"சரி."

அன்றிலிருந்து கார் வரும் சத்தம் கேட்டதும் தேவதாஸ் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து மடக்கிக் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறான். முகத்தில் ஒன்றும் தெரியாது. வலது கையால் பொத்தானை அழுத்துகிறான். கட்டை மேலே போகிறது. கார் உள்ளே போகிறது. கட்டை இறங்கிய பிறகு காலை மெதுவாக வெளியே நீட்டுகிறான், அடுத்த கார் வரும் வரைக்கும்.